டாக்சிவேக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் விமானம் பற்றி ஒரு சிறுநூல் எழுதுகிறார்கள். அப்துல்லாபுரம் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் அதிகம், விமான நிலையம் என்றாலே அவர்களுக்கு அத்தனை ஆசை. ஓர் அத்தியாயம், பழக்கமில்லாத விமான நிலையத்தில் விமானிகள் தரையில் வழி தவறுவதைப் பற்றியது. வானத்தில் ஆயிரம் மைல் சரியாக வருகிறவருக்குத் தரையில் எப்படி வழி தப்பும் என்று ஒரு பையன் கேட்டான், அதிலிருந்து வந்த அத்தியாயம்.

2006 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். விடியும் முன் கிளம்பிய கோமேர் விமானம் 22ஆம் எண் ஓடுபாதைக்குப் போக வேண்டியது, 26இல் திரும்பிவிட்டது. 22இன் நீளம் ஏறக்குறைய 7,000 அடி. 26 அதில் பாதிதான், விளக்கும் எரியவில்லை. கட்டுமான வேலையால் போகும் வழி மாறியிருந்தது, விமானிகளின் கையிலிருந்த வரைபடம் மாறவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். இதைப் பிள்ளைகள் தமிழில் எழுதும்போது சொல் இல்லாமல் நின்றுவிட்டார்கள்.

ரன்வே ஓடுபாதை, அதில் சிக்கல் இல்லை. விமானம் நிற்கிற இடத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே போய்வருகிற வழியான டாக்சிவேக்கு என்ன? அதில் விமானம் மெதுவாகப் போவதற்கு என்ன? அங்கே நடக்கிற தவறுக்கு என்ன? குடியாத்தத்து அச்சகத்தார் வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறார்.

ஆற்காட்டிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. ஊர்தல். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறு 27ஆம் பாட்டிலேயே இருக்கிறதே. வலவன் என்றால் செலுத்துகிறவன், ஆக விமானி என்கிற வடசொல்லும் வேண்டாம். வானில் போவதை ஊர்தி என்றால் தரையில் மெல்லப் போவது ஊர்தல்தானே. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்று குறளும் பல்லக்கில் போகிறவனை ஊர்ந்தான் என்கிறது. டாக்சிவே ஊர்பாதை. ஓடுபாதை, ஊர்பாதை இரண்டும் வினைத்தொகை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்ந்து வந்தவர்கள் நிலைத்த இடம்தான் ஊர் என்பது நாற்பது ஆண்டாக நான் சொல்லிவருவது. வேலூருக்கு வேலமரத்தால் பெயர் வந்தது என்பவர்கள் முன்பாதியோடு நின்றுவிடுகிறார்கள், பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. இதைத் தனியாக ஒரு மடலில் எழுதுகிறேன்.

தவறுக்குத் தடமயக்கம். திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் மாதிரி, ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நிற்பது. இலக்கணமே தந்த சொல்.

ஆம்பூரிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா மன்னிக்கணும். நான் ஆறு வருடம் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்தவன். அங்கே எல்லோரும் டாக்சிவே என்றுதான் சொல்வோம். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு அங்கே வேலைக்குப் போனால் ஊர்பாதை என்று சொல்லி யாரிடம் பேசுவார்கள்? பெயரைவிட அடையாளத்தைச் சொல்லிக்கொடுங்கள் அக்கா. தரையில் கோடு மஞ்சளாக இருந்தால் டாக்சிவே, வெள்ளையாக இருந்தால் ரன்வே. டாக்சிவே ஓரத்தில் நீல விளக்கு. பலகையில் கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நீ நிற்கிற இடம், மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் போகிற திசை, சிவப்பில் வெள்ளை என்றால் ரன்வே வாசல், அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. புது இடத்துக்கு வருகிற விமானி சந்தேகம் வந்தால் நின்று கேட்கலாம், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டு வாங்கலாம், அது குறைச்சல் இல்லை. இதைக் கட்டாயம் நூலில் போடுங்கள்.

பாகாயத்திலிருந்து, செவ்வாய் இரவு

ஒன்று மட்டும். நான் வார்டில் வேலை பார்க்கிறேன். வேலூரில் மயக்கம் என்றால் நோயாளி விழுந்துவிட்டார், இல்லை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். தடமயக்கம் என்று படித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பைலட்டுக்குத் தலை சுற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வழிப்பிழை போதாதா?

காட்பாடியிலிருந்து, புதன் இரவு

இன்று வகுப்பில் ஊர்பாதை என்று பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் ஊர்ப்பாதை என்று படித்தார்கள், ஊருக்குப் போகிற வழியாம். ஒற்று மிகவில்லை என்று காட்டினால் புரிந்துகொள்கிறார்கள், அடுத்த வரியில் திரும்பவும் ஊர்ப்பாதைதான்.

ஆனால் என் பெரிய தடை வேறு. ஐயா, இரண்டும் பக்கத்தில் நிற்கும் என்றீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மிலானின் லினாத்தேயில் 2001 அக்டோபர் 8ஆம் தேதி கடும் பனிமூட்டம். ஒரு சிறு விமானம் ஆர்5 என்ற டாக்சிவேயில் போக வேண்டியது, ஆர்6இல் போய் ஓடுபாதைக்குள் நுழைந்தது, அங்கே வேகமெடுத்து வந்துகொண்டிருந்த பெரிய விமானத்தோடு மோதி 118 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு அக்டோபர் 31, தைபேயில் புயல் இரவு. 05 இடது என்ற ஓடுபாதையில் கிளம்ப வேண்டிய சிங்கப்பூர் விமானம், வேலைக்காக மூடியிருந்த 05 வலதில் ஓடி, 83 பேர் இறந்தார்கள். பனி, புயல், தரைக் குறிகளின் குறை என்று காரணங்கள் பல, சரி. ஆனாலும் அடுத்தடுத்த எண், ஒரே எண்ணுக்கு இடம் வலம் என்பதெல்லாம் மனதுக்கு எவ்வளவு மெல்லிய வேலி! டாக்சிவேக்கு எழுத்தால் பெயர் வைக்கும்போது ஆங்கில ஐ, ஓ, எக்ஸ் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். ஐ ஒன்று போலவும் ஓ பூஜ்யம் போலவும் தெரியும், எக்ஸ் மூடிய பாதையின் குறி. அவ்வளவு கவனம் எடுக்கிற துறைக்கு நாம் ஓடுபாதை, ஊர்பாதை என்று இரட்டைப் பிள்ளை போல வைக்கலாமா? ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டதைப் பற்றிய அத்தியாயத்தில், படிக்கிற பிள்ளையே ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும்.

அதனால் கடைசிச் சொல்லையும் மாற்ற வேண்டும் என்கிறேன். ஓடுபாதை, உருள்தடம். ஒன்று பாதை, ஒன்று தடம். கோடை நாளில் பாலாற்று மணலில் வண்டி போன கோட்டைத் தடம் என்கிறோமே, மஞ்சள் கோட்டைப் பிடித்துப் போவதும் அதுதான். தவறுக்கு வழிப்பிழை.

வாலாஜாவிலிருந்து, வியாழன் காலை

உருள்தடத்துக்கு என் ஓட்டு. ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்’ என்று குறளில் உருளும் இருக்கிறது, ஐயா மறுக்க முடியாது. அப்புறம் அனுமதியில்லாமல் ஓடுபாதைக்குள் வந்துவிடுவதை ஓடுபாதை ஊடுருவல் என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அதையும் இப்போதே தீர்த்துவிடலாம். எல்லை தாண்டி வேண்டுமென்றே வருகிறவன் ஊடுருவுகிறான், வழி தெரியாமல் வந்தவனை அப்படிச் சொல்வது அநியாயம்.

ஆற்காட்டிலிருந்து, வியாழன் மதியம்

குறளை மறுக்கவில்லை. பொருளைத்தான் மறுக்கிறேன். கிளம்பும்போது ஓடுபாதையிலும் விமானம் சக்கரத்தில்தானே உருள்கிறது? உருளுதல் இரண்டுக்கும் பொது. மெதுவாகப் போவது என்கிற பொருள் ஊர்தலில் மட்டுமே இருக்கிறது. பெயர் வேறுபட வேண்டும் என்றால் ஊர்தடம் என்று வையுங்கள், உடன்படுகிறேன்.

காட்பாடியிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். டாக்சிவே முதல் இடத்தில் மட்டும் அப்படியே, அதன்பின் உருள்தடம். உருள்தடத்துக்கு ஐந்து பேர், ஊர்தடத்துக்கு ஐயாவும் இன்னொருவரும், டாக்சிவேயே போதும் என்று ஆம்பூர் தம்பி. அது செய்வதை மட்டும் ‘விமானம் ஊர்ந்து செல்கிறது’ என்றே விட்டிருக்கிறேன், ஐயா சொன்ன மெதுவு அதில்தான் வருகிறது. தவறு வழிப்பிழை. ஊடுருவலுக்குச் சொல் கிடைக்கவில்லை, ‘அனுமதியின்றி ஓடுபாதைக்குள் வந்துவிட்டது’ என்று நீட்டி எழுதச் சொன்னேன். தம்பி சொன்ன கோடு, பலகை நிறங்கள் தனிப் பக்கமாக வருகின்றன.

ஆற்காட்டிலிருந்து, வெள்ளி காலை

வினை ஊர்தல், தடம் மட்டும் உருள்தடமா? இது இலக்கணத்துக்கு ஒவ்வாது அம்மா. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுகிறேன். ஊர் பற்றிய மடல் இன்று இரவு வரும்.