ஜாங்கோ வலைப்பூ சர்வரில் ஏறிவிட்டது, ஆனால் சிஎஸ்எஸ் வரவில்லை (403) – உதவி தேவை

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கடலூர் முதுநகரின் பழைய வீடுகள், துறைமுகம் பற்றி அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்ததைத் தட்டச்சு செய்து ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி) ஒரு வலைப்பூ பண்ணியிருக்கிறேன். லேப்டாப்பில் ரன்சர்வர் (ஜாங்கோவின் சோதனை சர்வர்) போட்டால் ஜோராக ஓடுகிறது. மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, உபுண்டு 22.04, ஜாங்கோவை ஓட்ட ஜியூனிகார்ன், முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வலை சர்வராக எஞ்சின்எக்ஸ் என்று நேற்று ராத்திரி ஏற்றினேன். எழுத்து வருகிறது, அலங்காரம் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் நீல லிங்குகள் வரிசையாகத் தொங்குகின்றன. அலங்காரத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலை நேராகத் திறந்தால் 403, அதாவது அனுமதி இல்லை. சிஎஸ்எஸ் போன்ற ஸ்டாட்டிக் ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டியாயிற்று, அந்த ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கூடக் கொடுத்துப் பார்த்தேன், ம்ஹூம்.

ஓடி_பையன்:
ஜாங்கோ செட்டிங்ஸில் டீபக்கை ட்ரூ ஆக்கிப் பாருங்கள் ப்ரோ.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
ஐயோ, வேண்டாம். பிழை வந்தால் உங்கள் புரோகிராம் கோடும் செட்டிங்ஸும் ஊருக்கே தெரியும். அதோடு பலனும் இல்லை, ஸ்டாட்டிக் ஃபைலைத் தருவது எஞ்சின்எக்ஸ், ஜாங்கோவிடம் கேள்வியே போகாது. தம்பி, எஞ்சின்எக்ஸ் எரர் லாகில் (பிழைப் பதிவில்) கடைசி வரி என்ன? ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது, உங்கள் பெயரில் உள்ள ஹோம் ஃபோல்டருக்குள்ளா?

கெடிலக்கரை:
ஆமாம் அண்ணா, ஹோமில்தான். லாகில் '13: பெர்மிஷன் டினைடு'.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
அதேதான். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 750தான் (வெளியாட்கள் நுழைய முடியாது), முன்பு 755 (நுழையலாம்). எஞ்சின்எக்ஸ் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசராக. அதற்கு உங்கள் ஹோமுக்குள் நுழையவே அனுமதி இல்லை. தெருக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளறையை மட்டும் மலரத் திறந்து வைத்தால் யார் வர முடியும்? 'நேம்ஐ -எல்' போட்டுப் பின்னால் அந்த சிஎஸ்எஸ் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள், படிப்படியாக அனுமதியைக் காட்டும், உங்கள் பெயர் உள்ள வரியில் கடைசி மூன்று இடமும் வெறும் கோடாக இருக்கும். ஹோமுக்கு ஓ+எக்ஸ் (மற்றவர்களுக்கு நுழைய மட்டும் அனுமதி) கொடுத்தாலே தீரும், ஆனால் எனக்கு அது பிடிக்காது. ப்ராஜெக்டை எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு (சர்வர் தரும் தகவல்களுக்கான இடம்) மாற்றுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்டை (ப்ராஜெக்டின் பைத்தான் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்) அப்படியே நகர்த்தாதீர்கள், பழைய பாதை அதற்குள் பதிந்திருக்கும், புதிதாகப் போடுங்கள். ஜியூனிகார்னைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி ஃபைலிலும் எஞ்சின்எக்ஸ் செட்டிங்கிலும் பாதையை மாற்ற வேண்டும். அந்த 777ஐ முதலில் எடுங்கள்!

கெடிலக்கரை:
வந்துவிட்டது அண்ணா! கோடு கோடாக நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது. இப்போது துறைமுகப் படம் ஒன்று, 4 எம்பி, ஏற்றினால் 413 (ஃபைல் பெரிது) என்கிறது.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
நாம் எதுவும் மாற்றாவிட்டால் எஞ்சின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வாங்காது. அதன் செட்டிங்கில் கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை 10 எம் என்று வைத்து ரீலோடு செய்யுங்கள்.

கெடிலக்கரை:
படமும் ஏறிவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். இரண்டாவது வரியில் கெடிலம் ஆற்றை 'கெடிளம்' என்று அடித்திருக்கிறேனாம், அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.