சின்ன ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும்) விமானம்: முழு சார்ஜ் போட்டும் மூன்றே நிமிடத்தில் விழுந்தது, பேட்டரியும் உப்பிவிட்டது

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

வணக்கம். ஏழாவது படிக்கும் பையனுக்கென்று ஒரு ஃபோம் விமானம் வாங்கினேன். (உண்மையைச் சொன்னால் எனக்காகத்தான்.) ஒன்றரை அடி இறக்கை, 70 கிராம் எடை. 3.7 வோல்ட், 300 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டு, யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்று. கூட வந்த தாள் முழுக்கச் சீன எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை பறக்க விடலாம் என்று புதன் ராத்திரியே இரண்டையும் முழுதாக சார்ஜ் போட்டு வைத்தேன். மாமியார் வீட்டில் விசேஷம் வந்து, அடுத்த ஞாயிறுதான் போக முடிந்தது. பைக் பெட்டியில் திணித்துக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பத்து. பேட்டரியைச் செருகி மூடியைப் போடும்போது முழங்கை ரிமோட்டில் பட்டு, ப்ரொப்பெல்லர் சுற்றிக் கட்டைவிரலில் கீறல். பறந்தது, ஆனால் இடது பக்கமே இழுத்தது. மூன்று நிமிடத்தில் மோட்டார் சோர்ந்து சோளக்காட்டில் விழுந்தது. எடுத்த கையோடு அந்த பேட்டரியைப் பவர் பேங்கில் சார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பூரி மாதிரி லேசாக உப்பிவிட்டது. பிடுங்கிவிட்டேன். எங்கே தப்பு செய்தேன்?

வால்காத்தாடி (ஓசூர்):

ஆடி மாதம், காலை பத்து மணி! ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் 70 கிராம் எம்மாத்திரம்? ஆறரைக்குப் போய் எட்டுக்குள் வீடு திரும்புங்கள். தென்னை ஓலை ஆடினாலே அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பழைய டிவி மெக்கானிக் (தருமபுரி):

தம்பி, முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன், இப்போது பேரனோடு விமானம் விடுகிறேன். இந்த விளையாட்டில் பாதி வேலை வீட்டு மேசை மேலேயே முடிந்துவிட வேண்டும்.

லிப்போவைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைக்காதீர்கள், நிரப்பி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. முழுதாக இருப்பதும் அதற்கு ஆகாது, காலியாக இருப்பதும் ஆகாது. ஒரு செல்லுக்கு (உங்கள் 3.7 வோல்ட் பேட்டரியில் ஒரே செல்தான்) முழு சார்ஜ் என்றால் 4.2 வோல்ட். சும்மா வைத்திருக்கும்போது 3.8 போதும். நீங்கள் பதினோரு நாள் 4.2-இல் வைத்து, வெயிலில் வெந்த பெட்டியில் கொண்டுபோய், மோட்டார் சோரும் வரை ஓட்டி, சூடு ஆறாமல் மறுபடியும் சார்ஜ் போட்டிருக்கிறீர்கள். பாவம், அது உப்பாமல் என்ன செய்யும்?

இனிமேல் பறக்கும் அன்று காலையில் சார்ஜ் போடுங்கள். 300 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 0.3 ஆம்பியர் நிதானமான வேகம், ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் எத்தனை எம்.ஏ. என்று இருக்கும் (300 எம்.ஏ. என்றால் 0.3 ஆம்பியர்), பையனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் பழைய மண்சட்டியில் கொஞ்சம் மணல் போட்டு, அதன் மேல் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். மெத்தை மேல், தலையணைப் பக்கம் கூடவே கூடாது. போட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் கூடாது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

சார்ஜரின் பச்சை விளக்கை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். 4.15-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். போனில் நாலு நிமிட அலாரம் வைத்து, அடித்ததும் இறக்குங்கள். இறக்கி ஆறிய பிறகு 3.7 பக்கம் காட்ட வேண்டும். 3.5-க்குக் கீழே காட்டினால் அலாரத்தைக் குறையுங்கள்.

விரல் விஷயம்: முதலில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான குச்சியை) அடியோடு இறக்கி ரிமோட்டை ஆன் செய்து, எட்ட வைத்துவிடுங்கள். அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. கழற்றும்போது முதலில் பேட்டரி, கடைசியாக ரிமோட்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

ரொம்ப நன்றிங்க அண்ணா. நல்ல பேட்டரி 4.19 காட்டுகிறது. உப்பியது 3.4. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மச்சான்.

பழைய டிவி மெக்கானிக் (தருமபுரி):

மச்சானிடமிருந்து ஊசியைப் பிடுங்கி வையுங்கள்! குத்தினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். இனி அதை சார்ஜ் போடவே வேண்டாம். திண்ணைக்கு வெளியே மணல் சட்டியில் வைத்து, சின்ன டார்ச் பல்பு ஒன்றை மாட்டி முழுக்க இறங்க விடுங்கள். முனையில் டேப் ஒட்டி, மின்குப்பை வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டாம்.

வால்காத்தாடி (ஓசூர்):

இடது பக்கம் இழுப்பதற்கு பேட்டரி காரணமில்லை. வெயிலில் பைக் பெட்டிக்குள் ஃபோம் முறுக்கிக்கொள்ளும். விமானத்தைக் கண் மட்டத்தில் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. முறுக்கியிருந்தால் ஹேர் டிரையர் இளஞ்சூட்டில் காட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து, ஆறும் வரை பிடித்திருங்கள். அப்புறம் பேட்டரியோடு சேர்த்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலால் அடியில் தாங்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது, வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். ரிமோட் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் ரட்டரும் (வாலில் அசையும் பலகை) இடப்பக்கம் திரும்புகிறதா என்பதையும் தரையிலேயே பார்த்துவிடுங்கள்.

இடம் தேடும்போது கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் போகாதீர்கள், ஞாயிறு கூட்டம். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

இன்று காலை ஆறே முக்காலுக்கு வறண்ட ஏரியில் விட்டோம். இடது இறக்கை முனை நிஜமாகவே முறுக்கித்தான் இருந்தது, சரி செய்தேன். நேராகப் பறந்தது. நாலு நிமிட அலாரம் அடித்ததும் பையன் "இன்னும் ஒரு சுற்றுப்பா" என்று கெஞ்சினான், கொடுத்தேன். இப்போது ஏரிக்கரை மாமர உச்சியில் இருக்கிறது. மரத்தடியில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய டிவி மெக்கானிக் (தருமபுரி):

முதலில் த்ராட்டிலை இறக்குங்கள், கிளையில் சிக்கிய மோட்டார் சுற்றப் பார்த்துக் கருகிவிடும். ரிமோட்டை அணைக்காதீர்கள். பேட்டரி இன்னும் செருகித்தானே இருக்கிறது, அடியோடு இறங்குவதற்குள் ஓடிப்போய்த் தொரட்டி கொண்டுவாருங்கள் தம்பி.