வணிகத்தில் தகவல் பாதுகாப்பு: கல்லூரிப் பணிக்கும் ஆய்வுக்கும் எந்தத் துறை வழியாக வருவது?

கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33. எம்.சி.ஏ. முடித்தபின் 9 ஆண்டுகளாகப் பாரிமுனையில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வணிக நிறுவனங்களில் தகவல் பாதுகாப்பு எப்படி நடக்கிறது, ஏன் தவறுகிறது என்பதை ஆராயவும் கற்பிக்கவும் கல்லூரிப் பணிக்கு வர வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது.

அதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெளிநாட்டு முகவரிடமிருந்து வந்ததுபோல் தோன்றிய ஒரு மின்னஞ்சலில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கே பணம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. அனுப்பியவரின் முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி எங்களிடம் எழுத்தில் இருந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை மாலை. வங்கி நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. பணம் போகாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிடும் என்ற அச்சத்தில் கணக்குப் பிரிவு ஊழியர் தாமாகவே முடிவெடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நிர்வாகம் என்னிடம் கேட்டதெல்லாம் எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதுதான். அந்த அரை மணி நெருக்கடியை எந்த மென்பொருளும் தீர்க்காது என்பதை என்னால் விளங்கச் சொல்ல முடியவில்லை. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போனார். அது இன்றும் என்னை வருத்துகிறது.

இப்படிப்பட்ட கேள்வியை முனைவர் பட்ட ஆய்வாக எடுப்பதானால் கணினித் துறையில் பதிவு செய்வதா, வணிகவியல் அல்லது மேலாண்மைத் துறையில் பதிவு செய்வதா? வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை உடனே விட இயலாது. பகுதிநேர ஆய்வுக்கு வழி உண்டா? சின்ன நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுக்குக் கல்வி உலகில் மதிப்பு இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாக வணிகவியல் கற்பித்து வருபவள் என்ற முறையில், நீங்கள் எங்கள் பக்கம் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். தகவல் பாதுகாப்பு எங்கள் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் மின்வணிகத் தாளின் கடைசி அலகில் வரும். வைரஸ் என்றால் என்ன, ஃபயர்வால் என்றால் என்ன என்று வரையறை எழுதி மதிப்பெண் வாங்குவதோடு மாணவர்களுக்கு அது முடிந்துவிடுகிறது. ஆனால் இதன் வேர் வணிகவியலில்தான் இருக்கிறது. ஒருவர் எழுதினால் மற்றொருவர் சரிபார்க்க வேண்டும், பணத்தைக் கையாள்பவரே பேரேட்டையும் எழுதக் கூடாது என்ற அகக் கட்டுப்பாட்டு முறை கணினிக்கு மிகவும் முந்தியது. உங்கள் நிறுவனத்தில் உடைந்தது அதுதான்.

வகுப்பில் நான் வங்கதேச மைய வங்கித் திருட்டை விரிவாக நடத்துவேன். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. அந்த வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க 35 போலி உத்தரவுகள் அனுப்பப்பட்டன. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. யாரும் யாரையும் அழைத்துக் கேட்க முடியாத நாள்களைத் தேர்ந்தெடுத்தே அதைச் செய்தார்கள். மணிலாவுக்குப் போன தொகை 8.1 கோடி டாலர். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை இடையிலிருந்த வங்கியில் ஒருவர் கவனித்துக் கேள்வி கேட்டதால் மீண்டது. உங்கள் ஊழியரின் கண்ணில் படாமல் போன ஓர் எழுத்தையும், அங்கே ஒருவர் கண்ணில் பட்ட எழுத்துப்பிழையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கேட்க நேரம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இதுவே ஓர் ஆய்வுக் கேள்வி அல்லவா?

என் வகுப்பில் பாதிப் பேர் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகள். 2017 ஜூனில் உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீய மென்பொருள், மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமம் நடத்திய முனையத்தின் வேலையையும் முடக்கியது என்று சொன்னால், அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். லாரி வரிசை என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரம்பூர் ஆய்வாளர் எழுதியது:

வணக்கம். கணினி படித்து, பின்னர் கணினியும் வணிகமும் சந்திக்கும் இதே எல்லைப் பகுதியில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். ஆசிரியை அவர்கள் சொன்ன ஆய்வுக் கேள்வியை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் துறைத் தேர்வில் மாறுபடுகிறேன்.

கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் நெட் தேர்வை முதுகலையில் படித்த பாடத்திலோ அதையொட்டிய பாடத்திலோதான் எழுத முடியும். எம்.சி.ஏ. படித்த உங்களுக்கு அது கணினி அறிவியலும் பயன்பாடுகளும் என்ற தாளாகவே அமையும். மேலாண்மைத் துறை நியமனங்களில் முதுகலைப் பட்டமும் மேலாண்மையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். ஆகவே மேலாண்மையில் சிறந்த ஆய்வேடு எழுதிய பிறகும், எம்.சி.ஏ. காரணமாக அங்கே விண்ணப்பம் தள்ளப்படலாம். ஆய்வேடு காரணமாகக் கணினித் துறையிலும் நேர்காணலில் இடறலாம். இப்படி இரண்டு துறைக்கும் நடுவில் நின்றுவிட்ட நண்பர்களை நான் அறிவேன். கணினிப் பயன்பாட்டுத் துறையில் பதிவு செய்து, வணிகவியலிலிருந்து இணை நெறியாளர் ஒருவரைப் பெறுவதே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

பகுதிநேர ஆய்வுக்கு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பாடப்பணிக்குக் குறைந்தது 12 கிரெடிட். காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் நீட்டிப்பு கிடைக்கும். அந்தச் சான்றில் ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவதாக நிறுவனம் எழுதித் தர வேண்டியிருப்பதால், அந்தப் பேச்சை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். நெட் தேர்வின் வழியே ஆய்வாளருக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், தகுதியிருந்தால் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். ஆனால் அது முழுநேர ஆய்வாளருக்கு உரியது. உங்களுக்கு இன்னும் சில வாய்ப்புகளே உள்ளன. சம்பளத்தைப் பொறுத்தவரை, உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் விதிப்படி 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. கடன் தவணையை அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பு இருக்குமா என்று கேட்டீர்கள். 1999-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாஸேயும், கடவுச்சொல் விதிகளை ஊழியர்கள் மீறுவது பொறுப்பின்மையால் அன்று, அந்த விதிகள் அவர்கள் வேலை செய்யும் முறையோடு பொருந்தாததால்தான் என்று எழுதினார்கள். 2001-இல் கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன், காக்க வேண்டியவர் ஒருவராகவும் இழப்பைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது பாதுகாப்பு தோற்கிறது என்று பொருளியல் வழியாகக் காட்டினார். 2002-இல் கார்டனும் லோயபும் அமைத்த கணித மாதிரி, ஒரு தகவல் தொகுப்பைக் காக்கச் செலவிடுவது, எதிர்பார்க்கும் இழப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை என்றது. மூன்றும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுபவை. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் எதிர்பார்க்கும் இழப்பை யார் கணக்கிடுவார்? அந்த இடைவெளியை உள்ளிருந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் 9 ஆண்டு அனுபவத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

லிங்கிச் செட்டித் தெரு வணிகர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன்; 31 ஆண்டுகளாகச் சுங்கத் தரகு அலுவலகம் நடத்துகிறேன். ஆய்வு செய்ய வருகிறவர்கள் எங்களைக் குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது யூ.எஸ்.பி. டோக்கன் என்ற சிறு கருவியில் இருக்கும், ஒருவர் பெயரில் இருக்கும். அதை அவரே தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் எங்கள் தெருவில் டோக்கன் மேசை இழுப்பறையில் கிடக்கும். கடவுச்சொல் நான்கு பேருக்குத் தெரியும். ஏன் என்று கேளுங்கள். இறக்குமதிச் சரக்குக்குக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது பொது விதி. தவறினால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கையொப்பத்துக்கு உரியவர் சரக்குப் பரிசோதனைக்காக எண்ணூர்ப் பக்கம் போயிருப்பார். வாடிக்கையாளர் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். டோக்கன் திருட்டுப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத கணக்கு. 5,000 ரூபாய் எனக்குத் தெரிந்த கணக்கு.

கூடாது என்று சொல்ல நிறையப் பேர் வந்துவிட்டார்கள். வேலை நிற்காமல் இதை எப்படி ஒழுங்கு செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் வந்தால் என் அலுவலகக் கதவு திறந்திருக்கும். அக்கம்பக்கத்து அலுவலகங்களிலும் சொல்லி வைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வணிகர் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு கணக்குகளைப் படித்ததும் என் ஊழியர் நண்பரின் அந்த வெள்ளிக்கிழமை மாலை எனக்கு வேறு விதமாகப் புரிகிறது. அவர் விதியை மறந்துவிடவில்லை. தெரிந்த இழப்பைத் தவிர்க்கப் போய்த் தெரியாத இழப்பில் விழுந்திருக்கிறார். கணினிப் பயன்பாட்டுத் துறையிலேயே பதிவு செய்வது, வணிகவியலில் இணை நெறியாளரைத் தேடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆசிரியை அம்மா, உங்கள் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வாய்ப்பளித்தால், அந்த ஊழியரின் அரை மணி நேரத்தையே பாடமாக வைக்க விரும்புகிறேன். “சுங்கத் தரகு அலுவலகங்களில் டோக்கனைப் பகிரும் பழக்கமும் அதன் காரணங்களும்” என்பதை ஆய்வுத் தலைப்பாக வைக்கலாமா?

பெரம்பூர் ஆய்வாளர் எழுதியது:

வைக்கலாம், சகோதரி, ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். டோக்கனைப் பகிர்வது சட்டப்படி தவறு என்பதால், உங்களிடம் மனம் திறந்து பேசுபவர் அதனாலேயே சிக்கலில் மாட்டக் கூடும். அலுவலகப் பெயர், தெருப் பெயர், உரிம எண் எதுவும் குறிப்பேட்டில்கூட இடம்பெறாத முறையை முதலில் அமைத்து, பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பிறகே முதல் நேர்காணலைத் தொடங்குங்கள். மற்றது, “பகிர்கிறீர்களா?” என்று கேள்வித்தாளில் கேட்டால் எல்லாரும் இல்லை என்றே எழுதுவார்கள். கையொப்பத்துக்கு உரியவர் வெளியே போயிருக்கும் நாளில் தாக்கல் எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். அனுமதித்தால் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்.