ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சேஸி வேலைக்கு அப்புறம் கதவு உட்கார மாட்டேன் என்கிறது

மலைக்கோட்டை_மார்க்2

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு கம்பெனியின் பழைய கார், இரண்டு கதவு ஹெரால்டு மார்க் 2. சேஸியின், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், பக்கவாட்டுக் கைகள், அதாவது அவுட்ரிகர், துருவில் பொடிப்பொடியாகிவிட்டதால் பாடியைத் தூக்கிவைத்து எல்லாவற்றையும் புதிதாக வெல்டிங் செய்தாயிற்று. திரும்ப பாடியை இறக்கினால் டிரைவர் பக்கக் கதவு சரியாக மூடவில்லை. கதவின் பின் ஓரத்தில் மேலே 2 மில்லி கேப், கீழே 8 மில்லி. கதவில் ஓடும் மடிப்புக்கோடு பின் மட்கார்டில் இருக்கும் கோட்டைவிடக் கீழே இறங்கி நிற்கிறது. போதாக்குறைக்கு கதவைத் திறக்கும்போது அதன் முன் ஓரம் கீழ்ப்பக்கத்தில் பானட்டை உரசுகிறது.

கீழ்க் கீலுக்குப் பின்னால் வாஷர் கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். பின்னால் கொஞ்சம் சரியானது, ஆனால் கண்ணாடி ஃப்ரேம் போய் விண்ட்ஸ்கிரீன் பில்லரில் முட்டுகிறது. டிங்கர், மேலே கதவு ஓரத்தைக் கிரைண்ட் பண்ணிவிட்டுக் கீழே பட்டி போட்டு ஏற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

காராசேவ்

கிரைண்டரைத் தொடவே தொடாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி. வண்டி இப்போது எதன் மேல் நிற்கிறது, சக்கரத்திலா ஸ்டாண்டிலா? எஞ்சின் உள்ளே இருக்கிறதா? அப்புறம், கதவைப் பாதி திறந்து பின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கீல் ஆணியைப் புதிதாகப் போட்டு முடிக்கிற வரை கேப் அளப்பதே வீண் வேலை.

மலைக்கோட்டை_மார்க்2

ஸ்டாண்டில்தான் நிற்கிறது, எஞ்சின் வெளியே. கீலில் ஆட்டம் இல்லை, ஆணி புதுசு. இன்னொன்று சொல்ல மறந்தேன், பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் இருந்த பழைய பேக்கிங் துண்டுகள் எங்கே என்று பட்டறையில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் புது ரப்பர் வைத்துத்தான் இறக்கியிருக்கிறார்கள்.

பெருங்களத்தூர்_பெருசு

தம்பி, நோய் அங்கேதான் இருக்கிறது. கதவில் ஒன்றும் இல்லை.

ஹெரால்டு மற்ற வண்டி மாதிரி கிடையாது. நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான டிரயம்ப் ஹெரால்டை இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் வெளியிட்டபோது மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் தனி சேஸி இல்லாத ஒற்றைக்கூடு பாடிக்குப் போய்விட்டிருந்தன. இவர்களுக்குப் பாடி அடித்துத் தருவதாக இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டதால் முழு பாடியை ஒரே இடத்தில் வாங்க வழியில்லாமல் போனது. அதனால் தனி சேஸி போட்டு, முன் பகுதி, பின் தொட்டி (பின் சீட்டும் டிக்கியும் இருக்கும் பகுதி), கூரை என்று பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மைக்கேலோட்டி வரைந்த அழகான பாடிதான், ஆனால் அந்தத் துண்டுகள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கும் என்பதை முடிவு பண்ணுவது சேஸி மேல் வைக்கிற பேக்கிங். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் பார்த்துப் பார்த்துத்தான் பேக்கிங் வைத்தார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கனம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று குறையையும் சேர்த்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் மேலே நெருக்கம், மடிப்புக்கோடு இறக்கம், முன்னால் கீழே பானட்டில் உரசல். கதவுக் கீல் மாட்டியிருக்கும் முன் பில்லரின் தலை பின்பக்கம் சாய்ந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் வரும். ஏன் சாய்கிறது? புது அவுட்ரிகரைப் பழையதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வெல்டிங் செய்திருப்பார்கள், நடுவில் தரை இறங்கிவிட்டது, கயிற்றுக் கட்டிலில் இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவை நோக்கிச் சாய்வார்களே, அதுபோல முன் பில்லரும் பின் பில்லரும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அதைக் கீலில் வாஷர் வைத்துத் திருத்தப் போனால் கதவு மட்டும்தான் திரும்பும், பில்லர் சாய்ந்தபடியேதான் இருக்கும், அதனால்தான் ஃப்ரேம் முட்டுகிறது.

செய்ய வேண்டியது: எஞ்சினை ஏற்றி, சக்கரத்தில் இறக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். கீலில் வைத்த வாஷரை எடுத்துவிடுங்கள். பின் தொட்டியை முதலில் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் பின் மட்கார்டு அதோடு ஒட்டியது, தனியாக நகராது. கதவைப் பின் மட்கார்டுக்குச் சேர்க்க வேண்டும், அப்புறம் பானட்டைக் கதவுக்குச் சேர்க்க வேண்டும். பலரும் பானட்டில் ஆரம்பித்துவிட்டுக் கதவில் வந்து தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பேக்கிங் வைப்பதற்கு முன்னால், பாடியின் முன் பகுதியையும் பின் தொட்டியையும் சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். சீட்டுக்குப் பின்னால் குறுக்கே வரிசையாக இருக்கும். இதைத் தளர்த்தாமல் தூக்கினால் தகடு முறுக்கிக்கொள்ளுமே தவிர பில்லர் நிமிராது. அப்புறம் கதவுக்குக் கீழே வருகிற அவுட்ரிகர்களில் பாடியைக் கட்டையும் ஜாக்கியும் வைத்து மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போதே ஒரு ஆள் கதவு கேப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், கண்ணெதிரே மேல் கேப் விரியும். சரியான இடத்தில் நிறுத்தி, எவ்வளவு இடைவெளி வந்ததோ அந்தக் கனத்துக்கு அலுமினியத் தகடு வெட்டி வையுங்கள். சைக்கிள் டியூப் வேண்டாம், ஆறு மாதத்தில் அமுங்கிவிடும். ரப்பர்தான் வேண்டுமென்றால் கன்வேயர் பெல்ட் துண்டு நல்லது, இரும்புக்கடையில் கிடைக்கும்.

காராசேவ்

பெருசு சொன்னதோடு ஒன்று. கதவு ஓரத்தை அடைக்கும் பீடிங் ரப்பரை மாட்டிய பிறகு ஒருமுறை மூடிப் பாருங்கள். இப்போது வருகிற ரப்பர் பலதும் கனமாக, விறைப்பாக இருக்கிறது. வெறும் கதவில் அழகாக உட்கார்ந்தது ரப்பர் போட்டதும் வெளியே துருத்தும், பெயிண்ட் முடிந்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

பட்டி_பாண்டியன்

டிங்கரைத் திட்டுகிறீர்கள், நானும் அந்தத் தொழில்தான். பேக்கிங்கில் எல்லாம் தீர்ந்துவிடாது அண்ணே. இந்த வயதில் எந்தக் கதவு ஓரம் நேராக இருக்கிறது? யாரோ எப்போதோ வளைத்திருப்பான். பில்லரை நிமிர்த்திய பிறகும் ஓர் இடத்தில் 3, ஓர் இடத்தில் 7 என்றால் ஓரத்தில் வேலை செய்யத்தான் வேண்டும். ஆனால் பட்டியால் ஓரத்தை வளர்க்காதீர்கள், கதவைச் சாத்துகிற அடியில் ஒரு நாள் துண்டாகப் பெயர்ந்து விழும். குறைகிற இடத்தில் ஓரத்தோடு வெல்டிங் வைத்து, சூடு பிடிக்காமல் விட்டு விட்டு வைத்து, அரத்தில் இழைத்துக் கொண்டுவாருங்கள். கேப்பை 5 மில்லிக்குக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள், பிரைமரும் பெயிண்ட்டும் இரண்டு ஓரத்திலும் ஏறும்.

பெயிண்ட்டுக்குக் கழற்றும் முன் கீலோடு சேர்த்துப் பில்லரில் 3 மில்லி துளை ஒன்று போட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே டிரில் பிட்டைத் துளையில் செருகி போல்ட்டை இறுக்கினால் கீல் அதே இடத்தில் உட்காரும், புதுப் பெயிண்ட்டில் கதவை வைத்துக்கொண்டு தடவ வேண்டாம்.

மலைக்கோட்டை_மார்க்2

நன்றி, எல்லோருக்கும். எஞ்சினை ஏற்றி இறக்கினோம், போல்ட்டைத் தளர்த்தி ஜாக்கியில் தூக்கியதும் பெருசு ஐயா சொன்ன மாதிரியே மேல் கேப் விரிந்தது. டிரைவர் பக்கம் மொத்தம் 5 மில்லி தகடு போயிருக்கிறது. இப்போது மேலே 5, கீழே 6, கோடும் சேர்ந்துவிட்டது, ஃப்ரேம் முட்டவில்லை. ஆனால் பானட்டின் பின் ஓரம் கதவைவிட 2 மில்லி உயரமாக நிற்கிறது. முன் மட்கார்டு பானட்டோடு சேர்ந்தே இருப்பதால் எதைத் தளர்த்துவது என்று புரியவில்லை.

பெருங்களத்தூர்_பெருசு

பின்னால் மட்டும் உயரம் என்றால் டேஷ்போர்டுக்கு முன்னால் பானட் வந்து உட்காருகிற ரப்பர் குமிழ் இரண்டையும் பாருங்கள், அதை இறக்கினாலே போதும். பக்கத்துக் கொக்கியை மாட்டாமல் அளவு எடுக்காதீர்கள். முன்கீல் பிராக்கெட்டைக் கடைசியாகத் தொடுங்கள், அதை நகர்த்தினால் இரண்டு பக்கக் கேப்பும் சேர்ந்து மாறும். அப்புறம், இடது கதவை அளந்தீர்களா? ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சும்மா இருக்காது.