ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தினால் பதில் சொல்வது யார்: டிரைவரா, ஆபீஸா?

பிறை_ஆபரேஷன்:
பினாங்கு பிறையில் ஒரு ஹாலேஜ் (கண்டெய்னர் ஏற்றிச் செல்லும்) கம்பெனியில் லோரி ஓட்டத்தைக் கவனிப்பது என் வேலை. 2025 மே 13-ல் தெலுக் இந்தானில் சரளைக்கல் லோரியும் எஃப்ஆர்யூ (கலவரத் தடுப்புப் போலீஸ்) வண்டியும் மோதி 9 காவலர்கள் இறந்ததிலிருந்து ரோட்டில் சோதனை கெடுபிடி ஏறிவிட்டது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டம் கட்டமாகக் கட்டாயம். அதனால் ஒரு விதி போட்டேன். காலையில் வண்டியை எடுக்கும் முன் டிரைவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, ஃபாரத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். டயர், லைட், பிரேக், ஸ்டியரிங், ட்விஸ்ட் லாக் (கண்டெய்னரை டிரெய்லரோடு பூட்டும் கொக்கி), ரோட் டேக்ஸ், பெர்மிட் நகல், ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ்). டிக் போட்ட விஷயத்துக்கே சம்மன் வந்தால் பாதி டிரைவர் கணக்கில். இதற்கே எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் வண்டியைப் பார்க்கக்கூடாதா?

பட்டர்வொர்த்_பழைய_டிரைவர்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கம்பெனிக்கும் இதே ஃபாரம் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். எங்களுக்கு டிரிப் கணக்கில்தான் காசு. போர்ட் கேட்டில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை. இப்போது வண்டியைச் சுற்றும் நேரத்துக்கும் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் சொல்வேன், ‘அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் பாங்’ என்பார்கள். டிக் போடாவிட்டால் அன்றைக்கு எனக்கு டிரிப் இல்லை. டிக் போட்டால் நாளைக்குக் குற்றவாளி நான். இதில் எதைப் போடச் சொல்கிறீர்கள்?

பாதுகாப்பு_அக்கா:
நான் ஃபாரத்தின் பக்கம். அண்ணே, உங்கள் ஆள்கள் பலருக்கு ஜேபிஜே சோதனைக்குத் தயாராவது என்றால் வாட்ஸ்அப்பில் ‘எங்கே ரோட்பிளாக்’ என்று பார்த்துப் பாதை மாற்றுவதுதான். ஜேபிஜே வண்டிக்குப் பின்னாலேயே போய்த் தகவல் தரும் தொந்தோக்களுக்குக் காசு கொடுக்க மனசு வருகிறது. ஒரு பல்ப் மாற்ற வரமாட்டேன் என்கிறது. டிரெய்லரின் பின் விளக்கு எரியவில்லை என்று முதல் நாள் இரவே தெரியும். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் பாதி நேரம் அதுவே எரியும். அதைக்கூடச் செய்யாமல் பாலம் ஏறுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

ஆனால் பிறை தம்பி, அந்தப் பாதிச் சம்மன் விஷயத்தைக் கையில் எடுக்காதீர்கள். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1955 வேலைச் சட்டத்தின் 24-வது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. ஜேபிஜே சம்மன் அதில் இல்லை. ஒரு டிரைவர் தொழிலாளர் இலாகாவுக்கு நடந்தால் போதும், ஃபாரத்தோடு நீங்களும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

குட்டி_முதலாளி:
எல்லோரும் முதலாளியைத்தான் அடிக்கிறீர்கள். 6 மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனை மையத்தில் காட்டி, பாஸ் வாங்கித்தான் ஓட்டுகிறோம். அரசாங்கம் அங்கீகரித்த இடத்திலேயே பார்த்து முத்திரை குத்திய வண்டியைத் தினமும் காலையில் நான் வேறு பார்க்க வேண்டுமா? எடை விஷயமும் அப்படித்தான். கல், மண் வாங்குகிறவன் நிரப்பிக் கொடு என்கிறான். நான் மாட்டேன் என்றால் பக்கத்து லோரி ஏற்றிக்கொண்டு போகும்.

மாக்_மண்டின்_ஒர்க்‌ஷாப்:
முதலாளி சார், புஸ்பாகோம் பாஸ் அந்த ஒரு நாளைக்குத்தான் சாட்சி. அந்த நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், வந்ததும் பழையதை மாட்டித் தரச் சொல்லி என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்பவர் என்று சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு: ஒரே ஃபாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறீர்கள். அதில் இருப்பது இரண்டு பேருடைய வேலை.

டிரைவர் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. பிரேக்குக்கான காற்று டாங்கில் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. கொஞ்சம் காது கொடுத்தால் எந்தப் பக்கம் என்றும் தெரியும். காற்று டாங்கின் அடியில் ஒரு வளையம் தொங்கும், இழுத்தால் தண்ணீர் வரும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது தினமும் சேரும். தண்ணீருக்குப் பதில் பால் மாதிரிக் குழம்பாக வந்தால் கம்ப்ரசர் எண்ணெய் தள்ளுகிறது, என்னிடம் கொண்டு வாருங்கள். வீல் நட்டைச் சுற்றித் துருப் பொடி கோடாக வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரட்டை டயரில் உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கட்டையால் தட்டுங்கள். காற்று உள்ளதில் கட்டை துள்ளும், இல்லாததில் மொத்தென்று விழும். இதற்கெல்லாம் சம்மன் வந்தால் டிரைவர்மீது எனக்கு இரக்கம் இல்லை.

ஆனால் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் கை) எவ்வளவு தூரம் நகர்கிறது, ஸ்டியரிங் கியர்பாக்ஸில் எங்கே தேய்மானம், வண்டியின் அடிச்சட்டத்தில் விரிசல் உண்டா? இதெல்லாம் ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட, பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் விளக்கோடு கீழே படுத்துப் பார்க்கிற வேலை. ஸ்டியரிங் ஆட்டம் அதிகமானதை டிரைவர் கை உணரும், சரி. உணர்ந்ததைச் சொல்லத்தான் அவரால் முடியும், ‘நல்லாயிருக்கிறது’ என்று கையெழுத்துப் போட முடியாது. தெலுக் இந்தான் விசாரணையில் அடிபட்டது ஸ்டியரிங் கோளாறும் அதிக எடையும். இந்த இரண்டில் எதை டார்ச் லைட்டோடு ஒரு சுற்று வந்து கண்டுபிடிப்பது?

பிறை_ஆபரேஷன்:
எடையை ஏன் முடியாது? ஸ்பிரிங் எப்படி அமுங்கியிருக்கிறது, டயர் எப்படிப் பிதுங்குகிறது என்று பார்த்தாலே அனுபவமுள்ள டிரைவருக்குத் தெரியாதா?

பட்டர்வொர்த்_பழைய_டிரைவர்:
மண் லோரியில் தெரியும். சீல் வைத்த கண்டெய்னரில் பின்பக்கம் இரும்பு, முன்பக்கம் பஞ்சு என்று ஏற்றியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? வளைவில் டிரெய்லர் இழுக்கும்போது தெரியும், அப்போது எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பாதுகாப்பு_அக்கா:
இதில் அண்ணன் சொல்வது நியாயம். கப்பலில் ஏற்றும் கண்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடையை அனுப்புகிறவர் கொடுத்தாக வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் சோலாஸ் (சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) விதி. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் அந்த எண் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் ஆபீஸ் மெயிலில். அதோடு ஹெட் (முன்னால் இழுக்கும் வண்டி), டிரெய்லர் எடையைக் கூட்டி, பெர்மிட்டில் உள்ள பிடிஎம்-க்குள் (சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை) வருகிறதா என்று பார்ப்பது டிரிப் போடுகிறவர் வேலை. தம்பி, உங்கள் ஃபாரத்தில் உங்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை, கவனித்தீர்களா?

குட்டி_முதலாளி:
அக்கா, அந்த எண்ணையும் அனுப்புகிறவன் குறைத்துப் போட்டால்?

பாதுகாப்பு_அக்கா:
அப்போது கையில் காகிதம் இருக்கும், சண்டை அவனோடு. இப்போது ரோட்டோரம் நிற்கிற டிரைவர் கையில் என்ன இருக்கிறது?

பிறை_ஆபரேஷன்:
சரி, எடைக்கு ஆபீஸ் கையெழுத்துப் போடும், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டியரிங், பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட் இரண்டையும் ஒர்க்‌ஷாப் பக்கத்துக்கு மாற்றுகிறேன். ஆனால் டிரைவரின் கட்டங்களை விடமாட்டேன். ட்விஸ்ட் லாக் பாதி திரும்பிய நிலையில் ஒரு வண்டி எங்கள் கேட் வரை வந்தது. நான்கு மூலையும் இறங்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சம்மனைப் பிடிக்கக்கூடாது என்றால் மாதாந்திர ஊக்கத்தொகையிலாவது கை வைப்பேன். வலிக்காவிட்டால் யாரும் குனிய மாட்டார்கள்.

பட்டர்வொர்த்_பழைய_டிரைவர்:
ட்விஸ்ட் லாக்குக்கு நான் உங்கள் பக்கம். அதைப் பார்க்காமல் கிளம்புகிறவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

ஆனால் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. டயரைத் தட்டுகிறேன், மொத்தென்று விழுகிறது, ‘இந்த வண்டி இன்றைக்கு வேண்டாம்’ என்று சாவியை மேசையில் வைக்கிறேன். அந்த டிரிப் காசு எனக்கு உண்டா, இல்லையா?

பிறை_ஆபரேஷன்:
வேறு வண்டி இருந்தால் மாற்றித் தருவேன். இல்லாத நாளைக்கு... அது தவுக்கே (எங்கள் முதலாளி) முடிவு செய்ய வேண்டியது. இதுவரை அப்படிக் கொடுத்ததில்லை.

மாக்_மண்டின்_ஒர்க்‌ஷாப்:
ரோட்டில் ஜேபிஜே பிஜி 1 (வண்டியை ஓட்டத் தடை) நோட்டீஸ் ஒட்டினால் சரிசெய்து மறுபடி காட்டும் வரை வண்டி ஓடாது. கஸ்டமர் கத்துவான், இழுவை வண்டிக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு டிரிப் காசு என்ன பெரிய காசு? தவுக்கேயிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள்.

குட்டி_முதலாளி:
கணக்கு சரி. ஆனால் சோம்பலில் சாவியை வைக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாக்_மண்டின்_ஒர்க்‌ஷாப்:
வண்டியை என்னிடம் அனுப்புங்கள். குறை இருக்கிறதா இல்லையா என்று எழுதித் தருகிறேன்.

பட்டர்வொர்த்_பழைய_டிரைவர்:
நல்லது. பிறை தம்பி, தவுக்கேயிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், எங்கள் ஆபீஸிலும் காட்டுவேன். அதுவரை லைட், டயர், ட்விஸ்ட் லாக் மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்டியரிங் கட்டத்தைக் காலியாகத்தான் விடுவேன்.