தினமும் அதே வடைக் கதை, மாத்தினா அழறா

கேள்வி:
மகளுக்கு மூன்றரை வயசு. இருபது நாளா ராத்திரி படுத்ததும் பாட்டி வடை சுட்ட கதைதான் வேணும். புதுசா நாலு படப்புத்தகம் வாங்கினேன், தொடவே மாட்டேங்கிறா. நேத்து அலுப்புல நரி வர்ற இடத்தைத் தாண்டி முடிச்சுட்டேன். "நரி எங்கப்பா?"ன்னு எழுந்து உட்கார்ந்து ஒரே அழுகை. பேசாம போன்ல கதை வீடியோ போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க. ஒரே கதையைச் சொல்றதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

பதில் 1:
தம்பி, நான் அங்கன்வாடியில பதினேழு வருஷமா இருக்கேன். நரியை விட்டதைக் கண்டுபிடிச்சாளே, அதுதான் பிரயோஜனம். கதை முழுசும் அவ மனசுல வரிசையா நிக்குது.

எங்க மையத்துல ஒரு பையன் இருந்தான். வீட்ல பேசுவானாம், இங்க வந்தா சுவரோரமா உட்கார்ந்துடுவான். மதியம் சாப்பாடு முடிஞ்சதும் தொப்பி வியாபாரி கதை சொல்லுவேன், பிள்ளைங்க கேட்டுக் கேட்டு ரெண்டு வாரம் அதேதான் ஓடுச்சு. ஒருநாள் வியாபாரி தன் தொப்பியைக் கழட்டுற இடத்துல வாசல்ல யாரோ கூப்பிட, பாதியில எழுந்து போனேன். திரும்பி வந்தா, அந்தப் பையன் என் துண்டைத் தலையில வச்சு, கீழ வீசி, "எல்லாக் குரங்கும் போட்டுச்சு"ன்னு மத்தவங்களுக்குச் சொல்லிட்டிருக்கான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதனால நீங்களும் வேணும்னே நடுவுல நிறுத்துங்க. "காக்கா வாயைத் தொறந்து..."ன்னு விட்டுட்டு அவ முகத்தைப் பாருங்க. அவளையும் உம் கொட்டச் சொல்லுங்க. எங்க ஆத்தா உம் சத்தம் வரலைன்னா கதையை நகர்த்தவே மாட்டாங்க. பிள்ளை தூங்கிடுச்சான்னு தெரியறதும் அதுலதான். வீடியோ நிக்காம ஓடும் தம்பி, அவ உம் கொட்டுறாளான்னு அது பார்க்காது.

பதில் 2:
அக்கா சொன்னதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. 2011-ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல மூணு வயசுப் பிள்ளைங்களுக்குக் கதை படிச்சுக் காட்டினாங்க. புதுச் சொற்கள் எல்லாருக்கும் ஒரே அளவுதான். ஆனா வேற வேற கதையில அந்தச் சொல்லைக் கேட்டவங்களை விட, ஒரே கதையைத் திரும்பக் கேட்டவங்களுக்குத்தான் அது நல்லா நினைவுல நின்னுச்சு. கதை பழகிட்டா கவனம் புதுச் சொல்லு பக்கம் போகும்னு நான் எடுத்துக்கிறேன்.

புதுப் புத்தகங்களை அவ கைக்கு எட்டுற இடத்துல போட்டு வைங்க, கட்டாயப்படுத்தாதீங்க. இன்னும் வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகள் இலவசம். போன்ல திறந்தாலும் நீங்களே வாய்விட்டுப் படிங்க.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து அக்கா சொன்ன மாதிரி "நரி என்ன கேட்டுச்சு?"ன்னு நிறுத்தினேன். "பாட்டுப் பாடச் சொல்லுச்சு"ன்னா. அப்புறம் நான் சொல்லவே வேண்டாமாம், அவளே பாட்டியில இருந்து ஆரம்பிச்சுட்டா. ஷிப்ட் முடிஞ்சு வந்த அசதியில எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு. முழங்கையால இடிச்சு, "அப்பா, உம் சொல்லு"ங்கிறா.