சிப்பாய் பத்து: பின்மேடைக் குழு

குழு விவரம்: அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். பத்துச் சிப்பாய்கள் பற்றிய ஒரு பாட்டின்படி ஆட்கள் ஒவ்வொருவராகச் சாக, கணப்பு மேல் பலகையில் இருக்கும் பத்துச் சிப்பாய் பொம்மைகளும் ஒவ்வொன்றாகக் குறையும் கதை. நடிகர்கள், பின்மேடை, வாசல் எல்லாரும் இருக்கிறோம். கொலையாளி யார் என்று இங்கே எழுதாதீர்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள் நாடகத்தை இன்னும் பார்க்கவில்லை.

இரவு 8:04
ப்ராப்பர்ட்டி அக்கா: பொம்மை எத்தனை செட்னு இன்னைக்கே சொல்லிடுங்க. காய வைக்கவே ரெண்டு நாள் ஆகும்.

மேனேஜர் அக்கா: மூணு செட். முப்பது பொம்மை. ஒரு செட் ஒத்திகையிலேயே உடையும். ஒண்ணு மேடைக்கு, ஒண்ணு பூட்டின பெட்டியில.

செட் மாமா: உயரம் எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நாலு அங்குலம்னா கடைசி வரிசைக்கு உப்பு டப்பா மாதிரிதான் தெரியும். கணப்பு மேல் பலகை அஞ்சடி நீளம், தரையிலிருந்து நாலடி உயரம். பொம்மை அடிப்பாகம் மூணு அங்குலம், நடுவுல மூணு அங்குல இடைவெளி. அதுக்கு மேல அகலமா செஞ்சா நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும், யாரும் எண்ண முடியாது.

இயக்குநர் சார்: எண்ண முடியணும். இந்த நாடகத்துக்கு அந்தப் பலகைதான் கடிகாரம். ஜனங்க வசனத்தை விட்டாலும் பலகையை விட மாட்டாங்க. முதல் வரிசையில ஒரு குழந்தை "அம்மா, இன்னும் ஒன்பது இருக்கு"ன்னு சத்தமாச் சொல்லும். நாம எட்டு வச்சிருக்க வேண்டிய காட்சியா இருந்தா அன்னைக்கு அவ்வளவுதான்.

லைட் அண்ணா: நிறம் வெள்ளை, ஆனா மினுமினுப்பு வேண்டாம். வார்னிஷ் அடிச்சா ஒவ்வொரு தலையிலும் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். மேட் பெயிண்ட் போடுங்க. பின்சுவர் அடர் பச்சை.

ப்ராப்பர்ட்டி அக்கா: சரிண்ணா. தெர்மாகோல் வேண்டாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். கதவைச் சாத்தின காத்துக்கே விழுந்துடும். மரத்துல கடைஞ்சு, அடியில ஒரு இரும்பு வாஷர் பதிச்சு, மேல ஃபெல்ட் துணி ஒட்டறேன். எடுக்கும்போது டக்குனு சத்தம் வராது.

செட் மாமா: டபுள் டேப் ஒட்டிடாதீங்கம்மா.

ப்ராப்பர்ட்டி அக்கா: ஒட்ட மாட்டேன் மாமா. ஒரு கையால தூக்கும்போது பர்ர்ருன்னு கிழியற சத்தம் பால்கனி வரைக்கும் கேக்கும்.

இரவு 8:19
டாக்டர் வேஷம்: பொம்மையை எடுக்கிறது யாரு? என் பக்கம் பலகை கிட்டத்தான் நடமாட்டம். போற போக்குல நானே எடுத்துடவா?

இயக்குநர் சார்: கூடவே கூடாது. நீங்க எடுக்கிறதை ஒரே ஒருத்தர் பார்த்தாலும் அவர் கணக்குல நீங்கதான் கொலையாளி. அப்புறம் நாடகம் முழுக்க உங்களையே முறைச்சுக்கிட்டு இருப்பார். நடிகர் கை பொம்மை மேல படவே கூடாது.

மேனேஜர் அக்கா: திரை விழற இடத்திலும் இடைவேளையிலும் பின்மேடை ஆள் எடுத்துடுவாங்க. சிக்கல், காட்சி நடந்துக்கிட்டு இருக்கும்போதே குறைய வேண்டிய இடம்தான்.

செட் மாமா: அதுக்குத்தான் பலகைக்குப் பின்னாடி சுவர்த் தட்டியில ஜன்னல் வெட்டறேன். ஆறு அங்குல அகலம், பத்து அங்குல உயரம். மேல அதே பச்சை அடிச்ச துணி, மேல் விளிம்பு மட்டும் ஸ்டேப்பிள். பின்னாலிருந்து கை வந்து பொம்மையை உள்ளே இழுத்துக்கும், துணி தானா விழுந்து மூடிக்கும். கையில சுவர் நிறத்துலயே கையுறை. கறுப்புக் கையுறை பச்சைச் சுவர்ல பாம்பு மாதிரி தெரியும்.

லைட் அண்ணா: மாமா, அந்தத் தட்டிக்குப் பின்னாடி வேலை விளக்கு எரியக் கூடாது. துணி தூக்கினதும் ஜன்னல் விளக்குப் பெட்டி மாதிரி ஒளிரும். பின்பக்கம் கறுப்புத் துணி தொங்க விடுங்க.

மேனேஜர் அக்கா: ஒவ்வொரு காட்சித் தொடக்கத்துக்கும் பலகையில எத்தனைன்னு ஒரு அட்டவணை என் மேஜையில, ஒண்ணு தட்டியோட பின்பக்கம். திரை தூக்கறதுக்கு முன்னாடி எண்ணி, வாய் விட்டு எண்ணைச் சொல்லணும். "சரியா இருக்கு"ன்னு சொன்னா ஏத்துக்க மாட்டேன். எண் வேணும்.

வாசல் சித்தி: அப்படின்னா கதையில நிஜமா அதை எடுக்கிறது யாரு?

முதல் பிணம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மேனேஜர் அக்கா: தம்பி!

முதல் பிணம்: மன்னிச்சுக்கோங்கக்கா. கை தவறிடுச்சு.

வாசல் சித்தி: நான் பார்க்கலை. கண்ணாடி போடலை.

இரவு 8:33
இயக்குநர் சார்: எல்லாருக்கும் ஒரு விஷயம். அகதா கிறிஸ்டி நாவல் வெளிவந்தது 1939. அதை அவங்களே நாடகமாக்கி லண்டன்ல மேடையேத்தினது 1943. அப்போ முடிவை மாத்தினாங்க. அதனால 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாடகத்துக்கு ரெண்டு முடிவு புழக்கத்துல இருக்கு. எதைப் போடறோம்னு உரிமம் வாங்கும்போதே எழுத்துல வாங்கணும். ஒத்திகை பாதியில மனசு மாறி நாவல் முடிவுக்குத் தாவ முடியாது. அவங்க இறந்தது 1976, காப்புரிமை உயிரோடதான் இருக்கு. மேடையேத்தற உரிமை வேற, தமிழ்ல மொழிபெயர்க்கிற உரிமை வேற. ரெண்டும் வேணும். வசனம் வெட்டறதா இருந்தாலும் கேட்டுத்தான் வெட்டணும்.

டாக்டர் வேஷம்: பாட்டு மொழிபெயர்ப்பு முடிஞ்சுதா சார்?

இயக்குநர் சார்: ஒன்பது சரணம் சரியா வந்துடுச்சு. ஒவ்வொரு சரணத்துலயும் ஒருத்தர் போற விதம் இருக்கு, சந்தத்துக்காக அதை மாத்திட்டா பின்னால நடக்கிற கொலை ஒட்டாது. இடிச்சது கடல் சரணம். மூலத்துல ஒரு மீன் முழுங்கும். அந்த மீன் பேருக்கு ஆங்கிலத்துல திசை திருப்பற பொய்த் தடம்னும் அர்த்தம். "சிவப்பு மீன்"னு போட்டா நம்மாளுக்கு வெறும் மீன்தான். கடைசியில "மாயமீன்"னு வச்சோம். மாயமான் ஞாபகம் வரும், அது போதும். இதுக்கு மேல விளக்க மாட்டேன், சித்தி குழுவுல இருக்காங்க.

வாசல் சித்தி: 🙄

இயக்குநர் சார்: சுவர்ல மாட்டற பாட்டுச் சட்டத்தை யாரும் படிக்க முடியாது, அது அடையாளத்துக்குத்தான். முதல் தடவை சொல்லும்போது மேடையில ஒருத்தரும் அசையக் கூடாது. நிகழ்ச்சித் தாள்ல அச்சடிக்க அனுமதி கேட்டிருக்கேன்.

இரவு 8:47
லைட் அண்ணா: மெழுகுவத்திக் காட்சிக்கு வர்றேன். நிஜத் தீ கிடையாது. திரைத்துணி, விக், பஞ்சு நூல் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. பேட்டரி மெழுகுவத்தி ஏழு. அது நடிகர் முகத்தை வெளிச்சமாக்காது, அது வெறும் நடிப்புதான். நிஜ வெளிச்சம் மேலிருந்து வரும். ஒவ்வொரு மெழுகுவத்தி வைக்கிற இடத்துக்கும் தனி டிம்மர்ல ஒரு விளக்கு, பத்து பதினஞ்சு சதவீதம். மெழுகுவத்தியை மேஜையில வைக்கிறவர் குறியிட்ட இடத்துல வைக்கணும். ஒரு அடி தள்ளி வச்சா வெளிச்சம் காலி மேஜை மேல விழும், நீங்க இருட்டுல பேசுவீங்க.

சவுண்ட் தம்பி: அண்ணா, முழு இருட்டு எத்தனை வினாடி?

லைட் அண்ணா: பன்னிரண்டு. அதுல முதல் அஞ்சு வினாடிதான் நமக்குச் சொந்தம். அப்புறம் பார்க்கிறவங்க கண் இருட்டுக்குப் பழக ஆரம்பிக்கும். வெளியேறும் வழி விளக்கு எப்பவும் எரியும், அதை மறைக்கவே கூடாது. அதனால இடம் மாற வேண்டிய ஆள் முதல் அஞ்சு வினாடியில மாறிடணும்.

இன்னொண்ணு. பழைய டங்ஸ்டன் விளக்கை அணைச்சாலும் இழை கொஞ்ச நேரம் ஆரஞ்சா கனன்றுக்கிட்டே இருக்கும். அந்த அரை வினாடியில எல்லாம் தெரிஞ்சுடும். இருட்டுக்கு முந்தின நிலை முழுக்க எல்இடியில வச்சிருக்கேன், அது சட்டுனு போகும். மெழுகுவத்தி நிலைக்கு மட்டும் டங்ஸ்டன், ஏன்னா எல்இடி அடிமட்டத்துல படிப்படியா குதிக்கும், சுடர் மாதிரி இறங்காது.

மேனேஜர் அக்கா: இருட்டுல உள்ளே வர்றவங்க ஒரு நிமிஷம் முன்னாடியே பக்கத் திரைக்குள்ள ஒரு கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. விளக்கு போனதும் அந்தக் கண்ணைத் திறங்க. இருட்டுல ஒளிர்ற டேப் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி, மேஜை நாற்காலிகளோட பின்பக்க மூலையில மட்டும் ஒட்டுவேன். முன்பக்கம் ஒட்டினா சபைக்கு நட்சத்திரம் தெரியும்.

இரவு 9:02
ப்ராப்பர்ட்டி அக்கா: துப்பாக்கி பத்தி ஒரு தடவை எல்லாரும் படிங்க. சுட முடியாத மாதிரிதான் எடுக்கிறோம், குழல் அடைச்சது. வெற்றுத் தோட்டா போடற துப்பாக்கி வேண்டாம். குண்டு இல்லைன்னாலும் குழல் வாயிலிருந்து சூடான வாயு பாயும். 1984-ல ஜான் எரிக் ஹெக்ஸம்னு ஒரு தொலைக்காட்சி நடிகர் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டுல வச்சு அழுத்தினார். உயிர் போயிடுச்சு.

பெட்டியில பூட்டி வைப்பேன். சாவி என்கிட்ட மட்டும். காட்சிக்கு முன்னாடி நடிகர் கையில கொடுத்து, மேனேஜர் அக்கா முன்னாடி காட்டி, காட்சி முடிஞ்சதும் திரும்ப வாங்குவேன். யாரும் செல்ஃபி எடுக்கக் கேக்காதீங்க.

மேனேஜர் அக்கா: எதிராளியைக் குறி வைக்கக் கூடாது. அவருக்கு ரெண்டடி பின்னால, காலிச் சுவரைக் குறி வையுங்க. சபையிலிருந்து வித்தியாசம் தெரியாது.

சவுண்ட் தம்பி: வெடிச் சத்தம் பதிவுதான். ஸ்பீக்கர் செட்டுக்குப் பின்னாடி, சுடற இடத்துக்கு நேரா. கூரை ஸ்பீக்கர்ல விட்டா கொலை வானத்துல நடந்த மாதிரி இருக்கும். எல்லாம் வயர்தான். புளூடூத்துல சத்தம் கால் வினாடி வரை பின்தங்கும், ஆள் விழுந்த அப்புறம் வெடிக்கும்.

டாக்டர் வேஷம்: சத்தம் வந்ததும் கையை உதறணுமா?

சவுண்ட் தம்பி: இல்லை சார். நீங்க சத்தத்துக்குக் காத்திருந்தா எப்பவும் லேட். நீங்க உதறுங்க, உங்க தோளைப் பார்த்து நான் அழுத்தறேன். கம்ப்யூட்டர் கைவிட்டா மாற்று ஏற்பாடும் இருக்கு. ரெண்டடி நீளப் பலகை ரெண்டு, ஒரு ஓரத்துல கீல். பக்கத் திரைக்குள்ள அறைஞ்சா சுத்தமான வெடி.

லைட் அண்ணா: வாசல்ல "துப்பாக்கிச் சத்தம், முழு இருட்டு உண்டு"ன்னு பலகை வைக்கணும் சித்தி.

வாசல் சித்தி: எழுதி வச்சாச்சு.

இரவு 9:15
சவுண்ட் தம்பி: கிராமபோன் குரல் பதிவு நாளைக்கு. பத்துப் பேர் மேல பத்துக் குற்றச்சாட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல முழுசா ஒரு வினாடி வெற்றிடம் விடறேன். அந்த நேரத்துல சபை யார் முகம் மாறுதுன்னு தேடும். கிராமபோன் மாதிரி கேக்க 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற தடிச்ச ஒலியை வெட்டிடுவேன். மேல்பக்கம் 4000 வரை விட்டுடறேன். அதுக்குக் கீழ வெட்டினா மெய்யெழுத்து மங்கும், "கொலை"யும் "கொடை"யும் ஒண்ணாக் கேக்கும். கீறல் சத்தம் லேசா. அதிகம் போட்டா சிரிப்பாங்க.

செட் மாமா: பக்கத்து அறைக் கதவைத் திறக்கும்போது சத்தம் கூடணும் தம்பி.

சவுண்ட் தம்பி: ஸ்பீக்கர் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் மாமா, தானாவே கூடும். கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

செட் மாமா: மேடைக்கு வெளியே, கீல் பின்பக்கம். அப்போதான் உள்ளே வர்றவரைக் கதவு மறைக்காது. தட்டி நாலடிக்கு எட்டடி. கதவு இருக்கிற தட்டிக்கு ரெண்டு முட்டுக்கட்டை, ஒவ்வொண்ணு மேலயும் பதினஞ்சு கிலோ மணல் மூட்டை. கதவை அறைஞ்சா மாளிகைச் சுவர் ஆடக் கூடாது.

இரவு 9:24
முதல் பிணம்: விஷம் குடிக்கிற கோப்பையில என்ன ஊத்தறீங்க?

ப்ராப்பர்ட்டி அக்கா: கருக்கின சர்க்கரை துளி கலந்த தண்ணி. சோடா, கோலா கிடையாது. செத்த அப்புறம் ஏப்பம் வரும். தரையில சிந்தினா பிசுபிசுன்னு ஒட்டி அடுத்தவர் செருப்பு சத்தம் போடும். கோப்பை பிளாஸ்டிக். விழறது கம்பளத்து மேல.

இயக்குநர் சார்: முட்டி போட்டு விழாதீங்க. இடுப்பு, பக்கவாட்டுத் தொடை, தோள்னு வரிசையா இறங்குங்க. தலை மேடைப் பின்பக்கம். மூச்சு வயித்துல விடுங்க, நெஞ்சுல விட்டா கோட்டு ஏறி இறங்கும். கண்ணை மூடிடுங்க, திறந்து வச்சா இமைக்காம இருக்க முடியாது.

ப்ராப்பர்ட்டி அக்கா: ரத்தம் ஒரே இடத்துலதான், நெற்றியில. முன்கூட்டியே ஒட்டி விக் முடியால மறைச்சுடறோம். அண்ணா, உங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரு தடவை பார்க்கணும். மஞ்சள்ல பழுப்பாயிடுது, நீலத்துல கறுப்பாயிடுது.

லைட் அண்ணா: நாளைக்கு ஆறு மணிக்குக் கொண்டு வா. ரெண்டு மூணு சிவப்பு கலந்து எடுத்துட்டு வா.

இரவு 9:36
மேனேஜர் அக்கா: நடிகர்களுக்கு. பதினெட்டு வரிகளுக்கு அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கேன். மத்த வசனத்தைத் தவற விட்டா சமாளிச்சுக்கலாம். இந்தப் பதினெட்டுல ஒண்ணு போனா துப்பு போச்சு, முடிவு மோசடி மாதிரி தெரியும். ஒவ்வொரு வரிக்கும் காவலுக்கு இன்னொருத்தர் பேர் போட்டிருக்கேன். சொல்ல வேண்டியவர் தாண்டிட்டார்னா காவலர் கேள்வியா கேட்டு அவர் வாயிலிருந்து வரவழைக்கணும். நீங்களே சொல்லிடாதீங்க, துப்பு ஆள் மாறிடும்.

முதல் பிணம்: அக்கா, நான் முதல் அங்கத்துலயே போயிடறேன். கடைசி வணக்கம் வரைக்கும் என்ன பண்றது? சபையில உக்காந்து பார்க்கலாமா?

மேனேஜர் அக்கா: செத்த ஆள் பாப்கார்னோட உக்காந்தா நல்லாவா இருக்கும்? தட்டிக்குப் பின்னாடி பொம்மை இழுக்க ஆள் வேணும். நீங்கதான். விழற இடம் வரைக்கும் பழைய உடை, உள்ளே வந்ததும் கறுப்புச் சட்டை.

முதல் பிணம்: அப்போ மிச்சப் பேரை எல்லாம் நான்தான் முடிச்சு வைக்கிறேன்.

ப்ராப்பர்ட்டி அக்கா: கையுறை அளவு சொல்லுங்க தம்பி. ரெண்டு ஜோடி வாங்கறேன். வேர்வையில நனைஞ்சா பொம்மை வழுக்கும்.

முதல் பிணம்: மீடியம்க்கா.